ஆறு நாளில் எழுந்த கோட்டை: பாளையப் படையைப் படிப்பதில் நாம் விட்ட இடம்

விளாத்திகுளம் பக்கம் கட்டபொம்மன் பேச்சை எடுத்தால் ரெண்டு நிமிஷத்தில் டீக்கடை ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். எட்டயபுரமும் பக்கம், பாஞ்சாலங்குறிச்சியும் பக்கம். "அவர் சுதந்திர வீரர்" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். "கொள்ளையடிச்சவரைப் போய்..." என்று இன்னொருத்தர் இழுப்பார். புத்தகங்களிலும் இதே சண்டைதான். ம.பொ.சி. 'வீரபாண்டியக் கட்டபொம்மன்' எழுதினார். தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' எழுதினார். ரெண்டையும் கல்லூரி நாட்களிலேயே படித்தேன். சமீபத்தில் கால்டுவெல்லின் திருநெல்வேலி சரித்திரத்தையும் (1881), அவர் பல இடங்களில் சார்ந்து நிற்கும் ஜேம்ஸ் வெல்ஷின் ராணுவ நினைவுக் குறிப்புகளையும் (1830) மறுபடி எடுத்து, பாளையப் படை பற்றி வரும் இடங்களை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தேன். அப்போது தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் குறை இதுதான். தலைவர் வீரரா, கொள்ளைக்காரரா என்று எழுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவருக்குப் பின்னால் நின்ற ஆட்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், சண்டை இல்லாத நாளில் என்ன செய்தார்கள், யார் சோறு போட்டது என்ற கேள்வியை ரெண்டு தரப்புமே சரியாகக் கேட்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

தேதிகளை மட்டும் முதலில் பார்ப்போம். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி போன்ற நம்ம பக்கத்துப் பாளையங்களும் பறிமுதல். மற்ற பாளையக்காரர்களுக்குக் கோட்டையை இடி, ஆயுதத்தை ஒப்படை என்று உத்தரவு. காகிதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி, மாறுவேடத்தில் வந்த ஆட்கள் சிறைக் காவலை மடக்கி ஊமைத்துரையை மீட்டுக்கொண்டு போனார்கள். மேஜர் மெக்காலே படையைத் திரட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். தரைமட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் மதில் நின்றது, மதில் முழுக்க ஆள். ஆறே நாளில் கட்டினார்கள் என்றுதான் நம்ம பக்கம் சொல்வார்கள். வந்த படை திரும்பிப் போக வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் தூத்துக்குடிக் கோட்டையும் கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போனது. மார்ச் மாதக் கடைசியில் நடந்த பெரிய தாக்குதலையும் மண் மதில் தாங்கியது. கர்னல் அக்னியூ புதுப் படையும் பீரங்கியும் கொண்டுவந்த பிறகு, மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது.

தலைவர் இறந்து பதினைந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. கோட்டை இல்லை, கஜானா இல்லை, சட்டப்படி பாளையமே இல்லை. அப்படியிருக்க, ஒரு வாரத்துக்குள் இத்தனை ஆள் ஈட்டியோடு எப்படி வந்தார்கள்?

கால்டுவெல் இதை வியப்போடு கடந்து போகிறார். வீரக்கதை எழுதுகிறவர்கள் "மண்ணின் வீரம்" என்பார்கள். மறுதரப்பு இந்த இடத்தில் நிற்பதே கிடையாது. கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் போரைத் தென்னிந்தியா முழுக்க விரிந்த ஒரு கிளர்ச்சியின் பகுதியாகக் காட்டியது. அது பெரிய வேலை. ஆனால் அதிலும் கவனம் அதிகமும் தலைவர்களின் கூட்டணி மேல்தான். அடிமட்ட ஆள் இன்னும் நிழலில்தான் இருக்கிறான்.

ரிசர்வ் படை என்றால் என்ன?

எனக்குத் தெரிந்து இதற்கு நேரான பதில் ஒன்று உண்டு. அந்த ஆட்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை. ஏற்கெனவே இருந்த ஒரு சேமப்படை அழைப்பைக் கேட்டு வந்தது, அவ்வளவுதான்.

சேமப்படை, அதாவது ரிசர்வ் படை, எந்த நாட்டிலும் மூன்று விஷயத்தில் நிற்கிறது. ஒன்று, சமாதான காலத்தில் அந்த ஆளுக்கு வேறு தொழில் இருக்கும். ரெண்டு, வருஷம் பூராவும் அவனை அரசோடு கட்டிவைக்கிற ஏதோ ஒன்று இருக்கும். சம்பளம், நிலம், படி, எதுவாகவும் இருக்கலாம். மூன்று, கூப்பிட்டால் எங்கே போக வேண்டும், யார் கீழே நிற்க வேண்டும், எந்த ஆயுதத்தோடு போக வேண்டும் என்று முன்னமே தெரிந்திருக்கும்.

இன்றைய உதாரணம் நம்ம டெரிடோரியல் ஆர்மி. 1948இல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9ஆம் தேதி ராஜாஜி தொடங்கிவைத்தார். வேலையில் இருப்பவர்கள் வருஷத்தில் சில வாரம் பயிற்சிக்குப் போவார்கள், தேவைப்பட்டால் அழைக்கப்படுவார்கள். கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் அதன் பட்டாலியன்கள் உண்டு. நிரந்தரப் படைக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் ஆகும், அவசரத்துக்கு ஆள் கிடைக்கும். எல்லா ரிசர்வ் படைக்கும் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

இப்போது பாளையத்தை இந்த மூன்று அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் 72 பாளையங்களின் ஒப்பந்தம் பொதுவாக இப்படித்தான் விவரிக்கப்படுகிறது: வருமானத்தில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படை வைக்க, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கொரு கொத்தளத்தின் பொறுப்பு. அதாவது மதுரை அரசு தன் படையில் பெரும்பகுதியைத் தலைநகரில் நிறுத்தி வைத்துச் சோறு போடவில்லை. கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் பரப்பி வைத்திருந்தது.

பாளையக்காரரும் அதையே கீழே செய்தார். ஆட்களுக்கு மானிய நிலம் இருந்தது, காவல் வருமானத்தில் பங்கு இருந்தது. மழைக்காலத்தில் உழுவான், அறுப்புக் காலத்தில் களம் காப்பான், ராத்திரியில் ஊர் காப்பான். கூப்பிட்டால் வல்லயத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவான். வேறு தொழில், கட்டிவைக்கிற நிலம், தெரிந்த தலைவன், வீட்டிலேயே ஆயுதம். மூன்று அளவுகோலும் பொருந்துகிறது.

இந்த வகையில் நாம் தனி ஆளும் இல்லை. சுவீடனில் பதினோராம் கார்ல் மன்னர் 1680களில் கொண்டுவந்த முறையும் இதே மாதிரிதான். சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைத் தாங்க வேண்டும். அவனுக்கு ஒரு குடிசை, கொஞ்சம் நிலம். சமாதானத்தில் விவசாயி, போரில் சிப்பாய். இருநூறு வருஷத்துக்கு மேல் அது ஓடியது. அதை ராணுவ அமைப்பு என்று உலகம் படிக்கிறது. பாளையத்து ஆளை மட்டும் "கூட்டம்" என்று படிக்கிறோம்.

கால்டுவெல் எங்கே தடுமாறுகிறார்

கால்டுவெல் மேல் எனக்கு மரியாதை உண்டு. இடையன்குடியில் உட்கார்ந்துகொண்டு நாணயம், கல்வெட்டு, கம்பெனிக் கடிதம், வாய்மொழிச் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாவட்டத்துக்கு முதல் முறையான சரித்திரம் எழுதினார். ஆனால் புத்தகத்தின் நீண்ட தலைப்பைப் பாருங்கள். ஆதிகாலம் முதல் 1801இல் ஆங்கிலேய அரசுக்குக் கைமாறியது வரை. அதோடு முடிகிறது. எல்லாச் சாலையும் 1801க்குப் போய்ச் சேருகிற மாதிரி கட்டிய கதை அது. அந்தக் கதையில் பாளையம் என்பது தீர்க்கப்பட வேண்டிய ஒரு தொல்லை. பாளைய முறையைத் தொடக்கத்திலிருந்தே நாயக்கர்கள் செய்த பெரிய தவறாகவும், பாளையக்காரர்களை அமைதியைக் கெடுத்தவர்களாகவும்தான் அவர் பார்க்கிறார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. அதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை. தேசகாவல் என்ற பெயரில் பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களிடமும் வசூல் செய்தார்கள். கலெக்டர் லஷிங்டன் இதைக் கடுமையாகக் குறை சொல்லி அறிக்கை எழுதினார். காவல்காரனே களவுக்கு உடந்தை என்ற புகார் இருந்தது. பாளையங்கள் ஒன்றை ஒன்று கொள்ளையிட்டதும் உண்மை. வசூல் கொடுத்த ஊர்க்காரனுக்கு இது ராணுவ அமைப்பா, அடாவடியா என்ற ஆராய்ச்சி ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் காரணத்தை அவர் தப்பான இடத்தில் வைக்கிறார். 1736ஐ ஒட்டி மதுரை நாயக்கர் அரசு ஒழிந்தது. கொத்தளம் காக்க யாரும் கூப்பிடவில்லை. பின்னால் வந்த ஆற்காட்டு நவாபுக்குப் பாளையத்தின் ஆள் வேண்டாம், கப்பம்தான் வேண்டும். 1792 ஒப்பந்தத்தில் அந்தக் கப்பத்தை வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போனது. ஆக, ஒரு பெரிய சேமப்படை அப்படியே இருக்கிறது, அதை அழைக்கும் அரசு மட்டும் இல்லை. ஆள் இருக்கிறான், ஆயுதம் இருக்கிறது, மானியமும் இருக்கிறது. வேலை இல்லை. அந்த நிலையில் அந்தப் படை பக்கத்துப் பாளையத்தின் மேலும் பக்கத்து ஊரின் மேலும் திரும்பியதில் ஆச்சரியம் என்ன? கால்டுவெல் பாளைய முறையின் இயல்பு என்று காட்டும் குழப்பத்தில் பெரும்பகுதி, முறையின் தலை வெட்டப்பட்ட பிறகு வந்த அறுபது வருஷத்துக் குழப்பம்.

வீரக்கதை எங்கே தடுமாறுகிறது

மறுபக்கமும் இதைவிட மேல் இல்லை. 1959இல் வந்த படம் எங்கள் வீட்டில் டிவியில் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று கணக்கே கிடையாது. அதில் சண்டை வரியைப் பற்றியது. வரி கேட்டான், இவர் மறுத்தார். நாடகமாக அருமையாக நிற்கும். ஆனால் சரித்திரத்தில் அந்தக் கப்பம், 'படை தருகிறேன்' என்ற பழைய ஒப்பந்தத்தில் படையை உருவிவிட்டு மிச்சம் வைத்த பணப் பகுதி. "உன் ஆள் எனக்கு வேண்டாம், ஆயுதத்தைக் கீழே போடு, காவல் வருமானத்தையும் விடு, பணத்தை மட்டும் கட்டு" என்று கம்பெனி சொன்னது. கட்டபொம்மனுக்கு இது வருமானப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆட்களை எதை வைத்துத் தாங்குவது என்ற பிரச்சினையும்கூட. இதைச் சொல்லாமல் வரியை மட்டும் சொல்வதால்தான் எதிர்த்தரப்பு சுலபமாக "பாக்கி வைத்தவர்தானே" என்று மடக்குகிறது.

வீரக்கதையின் ரெண்டாவது குறை எட்டயபுரம். துரோகம் என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எட்டயபுரத்தின் ஆட்களும் அதே சேமப்படைதான். அவர்களை அழைத்தது அவர்களுடைய பாளையக்காரர், அவர் நின்ற பக்கம் அவர்களும் நின்றார்கள். இந்த அமைப்பின் அடிப்படைப் பலவீனம் இதில்தான் தெரிகிறது. ஆளின் விசுவாசம் அரசோடு இல்லை, பக்கத்துத் தலைவரோடு. 72 கொத்தளமும் ஒரே நேரத்தில் ஒரே எதிரியைப் பார்த்து நிற்க வேண்டுமானால் மேலே மதுரை வேண்டும். மதுரை போன பிறகு அது நடக்க வழியில்லை. இதைத் தனிமனிதக் குணமாகச் சுருக்கினால் ரெண்டு ஊர்க்காரர்களும் இன்னும் நூறு வருஷம் டீக்கடையில் சண்டை போடலாம். வேறு ஒன்றும் கிடைக்காது.

வெல்ஷ் எதிரிப் படையின் அதிகாரி. ஆனால் எனக்கு இதில் அவர்தான் அதிகம் உதவினார். கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக அவர் எழுதும் ஒரு சம்பவம் நம்ம பக்கம் வாய்மொழியாகவும் உண்டு. ஒரு தாய் காயம்பட்டுக் கிடந்த மகனைத் தேடிப் போகிறாள். "என்னை விடு, சாமியைக் காப்பாற்று" என்று மகன் பக்கத்தில் கிடக்கும் ஊமைத்துரையைக் காட்டுகிறான். பெண்கள் அவரைத் துணியால் மூடித் தூக்கிப் போகிறார்கள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், அம்மை போட்டுச் செத்த பையன் என்று சொல்கிறார்கள். வந்தவர்கள் விலகிப் போய்விடுகிறார்கள். இதை விசுவாசக் கதையாக மட்டும் படிக்கிறோம். நான் இதில் பார்ப்பது, படைக்கும் ஊருக்கும் நடுவில் கோடு இல்லாத ஓர் அமைப்பை. சிப்பாயின் வீடு முகாமிலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது. அவன் அம்மாவுக்குத் தளபதியை அடையாளம் தெரிகிறது.

கம்பெனி சரியாகப் படித்தது

நான் பார்க்கும் தொழிலில் ஒரு சர்வரை நிறுத்திவிட்டு "சிஸ்டத்தை அணைத்துவிட்டோம்" என்று நினைப்பவர்கள் உண்டு. பின்னால் தயாராக நிற்கும் மாற்று சர்வர் அடுத்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ளும். 1799இல் பானர்மேன் செய்தது அதுதான். தலைவரைக் கொன்றார், கோட்டையை இடித்தார். ஆயுதத்தை ஒப்படைக்கும் பொறுப்பைப் பாளையக்காரர்களிடமே விட்டார். கிராமத்துக் கூரையில் செருகிய வல்லயம் அங்கேயே இருந்தது, மானியம் உழுதவனும் அங்கேயே இருந்தான். ஆறு நாள் மர்மத்துக்கு விடை இதுவென்றே நினைக்கிறேன்.

இரண்டாவது தடவை கம்பெனி அந்தத் தப்பைச் செய்யவில்லை. 1801 டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென் சீமையில் ஆயுதப் புழக்கத்தையே ஒழிக்கப் போவதாக அறிவித்தது. காவல் வருமானம் பாளையக்காரர் கையை விட்டுப் போனது. 1803ஐ ஒட்டி, மிஞ்சிய பாளையக்காரர்கள் நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீன்தார்கள் ஆனார்கள். படை வைக்கும் கடமை போய், பணம் கட்டும் கடமை மட்டும் நின்றது. பாளையப் படை என்ன என்பதை நம் எழுத்தாளர்களைவிட அதை அழித்தவர்கள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

அதே வருஷங்களில் வேறு வழியும் இருந்தது. மைசூரில் திப்பு விழுந்த பிறகு திவான் பூர்ணய்யா, 'கந்தாசார்' என்ற கிராமத்து ஆயுதக் காவலர்களைக் கலைக்கவில்லை. சுமார் இருபதாயிரம் பேரை ஊர்க்காவலுக்கும் வேறு அரசு வேலைக்கும் வைத்துக்கொண்டார். கம்பெனி பக்கம் நின்ற புதுக்கோட்டையில் 'அமரக்காரர்' என்ற படை மானியக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நிலத்தோடு இருந்தார்கள். ஐரோப்பாவில் 1808இல் நெப்போலியன் பிரஷ்யாவின் படையை 42,000 என்று கட்டுப்படுத்தினார். 1813இல் பிரஷ்யா 'லாண்ட்வேர்' என்ற மக்கள் படையைத் திரட்டி அவரையே எதிர்த்தது. உள்ளூர் ஆயுத ஆளை என்ன செய்வது என்பது அந்தக் காலத்தில் எல்லா அரசுக்கும் இருந்த கேள்வி. நம்ம சீமைக்குக் கிடைத்த பதில், மாற்று ஏற்பாடு இல்லாத கலைப்பு.

இதனால் இப்போது என்ன?

கலைக்கப்பட்ட ஆள் எங்கே போனான்? என்னை உறுத்துவது இதுதான். சிலர் முழுநேர விவசாயி ஆனார்கள். சிலர் கம்பெனிப் படைக்குப் போனார்கள். பலர் ஊர்க்காவலை அதிகாரபூர்வ அங்கீகாரம் இல்லாமலே தொடர்ந்தார்கள். நேற்று வரை உரிமையாக இருந்த காவல் கூலி போலீஸ் பார்வையில் மிரட்டி வாங்கும் பணமாக மாறியது. 1911இல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, தலைமுறையாகக் காவல் பார்த்த சமூகங்கள் அதற்குள் இழுக்கப்பட்டன. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. சட்டம் 1947இல்தான் இங்கே நீங்கியது. 1801 ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், நடுவில் நூறு வருஷம் இருக்கிறது. ஆனால் காவல்காரனைப் பரம்பரைத் திருடனாகப் பார்க்கும் கண்ணுக்குத் தொடக்கப் பாடம், பாளையப் படையைக் கொள்ளைக்கூட்டமாக எழுதிய பக்கங்களில் இருக்கிறது. அதனால்தான் 'வெறும் பழங்கதைதானே' என்று இதை விட முடியவில்லை.

எங்க பாட்டி களத்துமேட்டுக் கணக்குச் சொல்லும்போது, கம்பு தூற்றி முடித்ததும் முதலில் ஒதுக்குவது காவலுக்கு என்பார். "அவுக ராத்திரி முழிச்சாகல்ல" என்பார். அந்த மரக்கால் தானியம் ஒரு பழைய ராணுவ ஒப்பந்தத்தின் கடைசி மிச்சம் என்று பாட்டிக்குத் தெரியாது. எனக்கும் நாற்பது வயசு தாண்டித்தான் தெரிந்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. போய்ப் பாருங்கள், நல்ல காரியம். வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் என்று கதைப்பாடல்கள் காப்பாற்றிக் கொடுத்த சில பெயர்களையும் நாம் மறக்கவில்லை. ஆனால் ஆறு நாளில் மண் சுமந்து மதில் எழுப்பியவர்களின் ஊர்ப் பட்டியல் ஒன்று நம்மிடம் இல்லை. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், என்ன மானியத்தில் இருந்தார்கள், 1801க்குப் பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போனது என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். நான் குளத்தூர், நாகலாபுரம், காடல்குடி என்று மூன்று ஊரை எடுத்துக்கொண்டு ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் 'காவல் மானியம்' என்று பழைய பத்திரம் ஏதாவது கிடந்தால், படம் எடுத்து அனுப்புங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.